திர்ஹம் நிற்கும், ரூபாய் ஓடும்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வளைகுடாப் பயணம் ஒன்றுக்குக் கணக்குப் போடும்போது அசையாமல் நிற்பது அந்த நாட்டுக் காசு. ஓடிக்கொண்டிருப்பது இலங்கை ரூபாய். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் ஒரு டொலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் 1986 முதல் 3.75. கட்டார் ரியால் 3.64. ஓமான் ரியாலும் பஹ்ரைன் தினாரும் இப்படியே டொலரோடு பிணைந்தவை. குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் போன வருடம் டுபாய்க்குப் போய்வந்த மச்சான் சொல்லும் திர்ஹம் கணக்கு இந்த வருடமும் ஏறக்குறையச் சரிவரும். அவர் சொல்லும் ரூபாய்க் கணக்கை நம்பி வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது.

2022ஆம் ஆண்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் பெப்ரவரியில் டொலரின் உத்தியோகபூர்வ விலை 203 ரூபாய்க்குக் கிட்ட. ஒரு லட்சம் ரூபாய்க்குக் கணக்கில் 1,800 திர்ஹம் வரும். மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே ஒரு லட்சத்துக்கு 1,020 திர்ஹந்தான். டுபாயில் தேநீரின் விலையும் மெட்ரோக் கட்டணமும் அந்த மூன்று மாதத்தில் அப்படியே இருந்தன. பிறகு ரூபாய் கொஞ்சம் தலைதூக்கி, 2024 முடிவில் டொலர் 300க்குக் கீழே வந்தது. ஆகவே செலவுப் பட்டியலைத் திர்ஹத்திலோ ரியாலிலோதான் எழுத வேண்டும். ரூபாய்ப் பெறுமதியைக் காசு வாங்கும் அன்று பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். பயணம் ஆறு மாதம் கழித்து என்றால் வெளிநாட்டுக் காசை ஒரே நாளில் வாங்காமல் இரண்டு மூன்று தடவையாக வாங்குவது நல்லது. விலை ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலை கிடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். திர்ஹம் 100 ஃபில்ஸ், சவூதி ரியால் 100 ஹலாலா. ஆனால் குவைத், பஹ்ரைன் தினார்களும் ஓமான் ரியாலும் ஆயிரமாகப் பிரிபவை. மஸ்கட்டில் "ஐந்நூறு" என்று கடைக்காரர் சொன்னால் அது 500 பைசா, அதாவது அரை ரியால். ஒரு ஓமான் ரியால் 2.60 டொலர், குவைத் தினார் 3 டொலருக்கும் மேல். "இரண்டு தினார்தானே" என்று கொடுத்துவிட்டு அறைக்கு வந்து ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறவரின் முகம் வாடிவிடும்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியூர்க் காசு புதியதல்ல. மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பியதில் வாழ்ந்த குடாநாட்டை "மணியோடர் பொருளாதாரம்" என்றே ஒரு காலத்தில் சொன்னார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் இலங்கையில் இருந்து வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 1985இல் அதற்கென்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வந்தது. இன்று போகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் அல்ல. மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர், பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அம்மா, கனடாவில் இருந்து வரும் அண்ணனை நடுவழியில் டுபாயில் சந்திக்கும் தங்கச்சி, உம்றாவுக்குப் போகும் முஸ்லிம் குடும்பங்கள், சும்மா சுற்றிப்பார்க்கப் போகும் இளசுகள் என்று பலவகை. அவரவர் கணக்கு வேறு.

எல்லோருக்கும் பொதுவான முதற் செலவு கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேருவது. பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் திறக்கப்பட்டாலும், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் பறப்பவை தென்னிந்தியாவுக்குந்தான். சென்னை வழியாக வளைகுடாவுக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு, போகலாம். ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானக்காரர் பொறுப்பேற்கமாட்டார். மலிவாகத் தெரிவது இங்கே பெரும்பாலும் மலிவல்ல.

கட்டுநாயக்கா 350 கிலோமீற்றருக்கு மேல். தனியாகப் போகிறவருக்கு இரவு பஸ் போதும். புத்தளம், சிலாபம் வழியாகப் போகும் பஸ் என்றால் கொழும்புக்குப் போய்த் திரும்பாமல் கட்டுநாயக்காவிலேயே இறங்கிவிடலாம். ரயிலில் போனால் கோட்டையில் இறங்கித் திரும்பி வடக்கே வர வேண்டும். செலவு எகிறுவது வழியனுப்பும் வானில். பயணம் போவது இரண்டு பேர். வானில் ஏறுவது பன்னிரண்டு பேர். வான் வாடகை, வழியில் சாப்பாடு, நீர்கொழும்பிலோ வெள்ளவத்தையிலோ ஓர் இரவு அறை, திரும்பும்போது "வந்த நாங்கள் ஒருக்கா கடலைப் பார்த்திட்டுப் போவம்" என்று ஒரு சுற்று. டுபாயில் ஒரு வாரம் மெட்ரோவில் திரிந்தாலும் இவ்வளவு முடியாது. பாசத்துக்கு விலை போடக்கூடாதுதான். ஆனாலும் கணக்குக் கொப்பியில் இதற்கு ஒரு வரி இருக்கட்டும், திரும்பிவரும் நாளுக்கும் ஒரு வரி.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, விலை குறைந்த விமானங்களில் பொதியின் நிறைக்குத் தனிக் காசு. ஷார்ஜாவுக்குப் பறக்கும் எயார் அரேபியாவோ டுபாய்க்குப் பறக்கும் ஃப்ளைடுபாயோ காட்டும் முதல் விலையில் பெரும்பாலும் கைப்பை மட்டுமே அடங்கும். யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர் கைப்பையோடு போனதாகச் சரித்திரம் இல்லை. மிளகாய்த்தூள், அரிசிமா, பருத்தித்துறை வடை, பனங்கட்டி, ஒடியல், கருவாடு எல்லாம் சேர்ந்தே போகும். நிறையை டிக்கெட் எடுக்கும்போதே வாங்குவது, விமான நிலையத் தராசில் வாங்குவதைவிட நன்றாக மலிவு. ஒரு எச்சரிக்கை: கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். பலகாரத்திலோ தூளிலோ அது இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். வைத்தியர் எழுதிய மாத்திரை என்றாலும் கடும் வலிநிவாரணிகளுக்கு முன்னனுமதி தேவை.

விசாவில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். அமீரகத்தில் விசா நாள் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்று காசு வாங்கும் முகவர்கள் குடாநாட்டிலும் இருக்கிறார்கள். அந்த வழியில் போய் மாட்டுப்பட்டவருக்கு அபராதம் நாளுக்கு நாள் ஏறும். பணியகத்தில் பதியாமல் போனதால் காப்புறுதியும் இல்லை. அது பயணச் செலவு அல்ல, சூதாட்டம்.

காசு மாற்றும் இடத்துக்கு வருவோம். யாழ் நகரில் ஆஸ்பத்திரி வீதி, ஸ்டான்லி வீதிப் பக்கம் வங்கிகள் உண்டு. கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் மூன்றையும் கொண்டுபோனால் பயணத்துக்கான வெளிநாட்டுக் காசை வங்கியில் வாங்கலாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடைகளும் உண்டு. அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்க வேண்டும், பற்றுச்சீட்டுத் தர வேண்டும். இலங்கை ரூபாயை அள்ளிக்கொண்டு போய் அங்கே மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லக்கூடியது 20,000 ரூபாய்தான், அதற்கும் வளைகுடாவில் நல்ல விலை கிடைக்காது.

டொலராய் வாங்குவதா, நேரே திர்ஹமாய் வாங்குவதா? திர்ஹம் டொலரோடு கட்டப்பட்டிருப்பதால் இதற்கு எளிய சோதனை உண்டு. வங்கி சொல்லும் திர்ஹம் விற்பனை விலையை 3.67 ஆல் பெருக்க வேண்டும். வருவது டொலர் விற்பனை விலையைவிடக் கூடினால் டொலரே வாங்கலாம். உதாரணத்துக்கு டொலர் 305, திர்ஹம் 85 என்று வைத்துக்கொண்டால், 85 ஐ 3.67 ஆல் பெருக்க 312 வருகிறது. டொலர் வாங்கி, டுபாயில் 3.65க்கு மாற்றினால்கூட ஒரு திர்ஹம் 83 ரூபாய் 56 சதத்துக்கு விழும். இரண்டு முறை மாற்றினால் நட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நிலைகட்டிய நாணயத்தில் அது எப்போதும் உண்மையல்ல. ஆனால் டுபாய் விமான நிலையக் கவுண்டரில் மாற்றினால் இந்த இலாபம் அங்கேயே கரைந்துவிடும்; முதல் நாள் டக்சிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கொஞ்சம் திர்ஹம் இங்கிருந்தே கொண்டுபோவது உத்தமம். டொலர் நோட்டு கிழியாமல், எழுத்துப் படாமல் இருக்கட்டும். கவுண்டரில் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள்.

கார்ட் வைத்திருப்பவர்கள் அதை வெளிநாட்டில் பாவிக்கப் போவதாக வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அங்கே கடையிலோ பணம் எடுக்கும் இயந்திரத்திலோ "இலங்கை ரூபாயில் கழிக்கவா, திர்ஹத்தில் கழிக்கவா" என்று ஒரு கேள்வி வரும். ரூபாய் நமக்குப் பழகிய காசு என்பதால் கை அதற்குத்தான் போகும். போகக்கூடாது. ரூபாயைத் தெரிவுசெய்தால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரர் தன் விருப்பத்துக்கு வைப்பார். பெரிய தொகையைக் கையில் கொண்டுபோகிறவர்கள், அமீரகத்திலும் சவூதியிலும் 60,000 திர்ஹம் அல்லது ரியாலுக்கு மேற்பட்டால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்கலாம்.

தங்கும் செலவு யாழ்ப்பாணத்துப் பயணிக்குப் பெரும்பாலும் இல்லை என்றே பட்டியலில் எழுதப்படும். "அங்கை எங்கடை பெடியன் இருக்கிறான்." இந்த ஒரு வசனத்தில் முழு ஹோட்டல் செலவும் அழிந்துவிடுகிறது. அந்தப் பெடியன் தெய்ராவிலோ கராமாவிலோ அறையைப் பங்குபோட்டு, ஒரு கட்டிலுக்கு மாத வாடகை கட்டி இருப்பவனாக இருக்கலாம். அந்த அறைக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போக முடியாது. ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் தங்குவதை மாநகரசபை சோதிக்கும். நிறுவனம் கொடுத்த தொழிலாளர் விடுதி என்றால் வெளியாள் இரவு தங்கவே வழியில்லை. அவன் என்ன செய்வான்? கடன்பட்டு ஹோட்டல் அறை போடுவான், லீவு போட்டுச் சம்பளம் இழப்பான், ஒன்றும் சொல்லமாட்டான். ஆகவே போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கை தங்கலாம்" என்பதல்ல, "நீ எப்பிடி இருக்கிறாய்" என்பது. குடும்ப விசாவோடு வீடு எடுத்திருப்பவர் வீட்டில் தங்கினாலும், ஒரு வாரச் சாமான் செலவை விருந்தாளி ஏற்பது மரியாதை. காசைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். சூப்பர் மார்க்கட்டில் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பணம் கட்டிவிட்டால் தடுக்க முடியாது.

ஹோட்டல்தான் என்றால் இணையத்தில் காட்டும் விலையோடு கணக்கு முடியாது. டுபாயில் 2014 முதல் சுற்றுலாத் திர்ஹம் என்று ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை தரத்துக்கு ஏற்றபடி அறவிடுகிறார்கள். பல ஹோட்டல்கள் அதை வரவேற்பு மேசையில் தனியே கேட்கும், கார்டில் முற்பணமும் பிடித்துவைக்கும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெயில் 40 பாகையைத் தாண்டும், அறை விலை இறங்கும். டிசம்பர், ஜனவரியில் குளிர்ச்சியும் கொண்டாட்டமும் சேர்ந்து விலையை ஏற்றும். ஓகஸ்டில் திரும்பிவருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நல்லூர்த் திருவிழாவுக்கு உலகம் முழுக்க இருந்து சனம் இறங்கும் காலம் அது, டிக்கெட் விலையும் ஏறும்.

சாப்பாடு பயப்படும் அளவுக்கு இல்லை. சாதாரண தமிழ், மலையாளச் சாப்பாட்டுக் கடைகளில் 15, 20 திர்ஹத்துக்கு வயிறு நிறையும். தெருவோரக் கபட்டேரியாக்களில் கரக் தேநீர் ஓரிரண்டு திர்ஹம். பேரங்காடியின் உணவு மாடத்தில் அதே வயிற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு. தண்ணீர்ப் போத்தலைச் சூப்பர் மார்க்கட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறவர் ஒரு வாரத்தில் மிச்சம் பிடிப்பது கணிசமானது.

டுபாயில் போக்குவரத்துக்கு நோல் கார்ட் வேண்டும். வெள்ளிக் கார்ட் 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஒரு வலயத்துக்குள் 3 திர்ஹம், அடுத்த வலயத்துக்கு 5, அதற்கப்பால் 7.50, ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்குகிறவருக்கு 20 திர்ஹம் நாட்சீட்டு இலாபம். முதலாம், மூன்றாம் முனையங்களில் இறங்குகிறவர் நேரே மெட்ரோ ஏறலாம். விமான நிலையத்தில் டக்சி மீற்றர் 25 திர்ஹத்தில்தான் தொடங்கும். அபுதாபிக்கு பஸ்ஸில் 25 திர்ஹம். இவை எல்லாவற்றிலும் விலை குறைந்த இன்பம் தெய்ராவுக்கும் பர்டுபாய்க்கும் இடையே கழிமுகத்தைக் கடக்கும் அப்ராப் படகு: ஒரு திர்ஹம். குறிகாட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறிய காலுக்கு அது ஊர்போல இருக்கும். புர்ஜ் கலீபாவின் மேலே ஏற 150 திர்ஹத்துக்கு மேல் வேண்டும், கீழே நின்று பார்க்கக் காசில்லை. அபுதாபியில் 2024 பெப்ரவரியில் திறந்த இந்துக் கற்கோயிலுக்கும், ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. கோயில் நகரத்துக்கு வெளியே இருப்பதால் வாகனச் செலவைத்தான் எண்ண வேண்டும்.

ஊர்ப் பழக்கமே அபராதமாக மாறும் இடங்கள் சில உண்டு. மெட்ரோவுக்குள் வடையைக் கடித்தால் 100 திர்ஹம். பெண்களுக்கான பெட்டியில் ஆண் ஏறினால் 100. கடவை இல்லாத இடத்தில் வீதியைக் கடந்தால் 400. வட்ஸ்அப்பில் அமீரகத்தில் இருந்து கதைக்க முடியாது, செய்தி மட்டுந்தான் போகும். வீட்டோடு கதைக்க வேறு செயலியோ தொலைபேசிக் காசோ வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை யாழ்ப்பாணத்தார் நல்ல மனதோடு செய்கிறார்கள். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பழைய மாணவர் சங்கக் கட்டடத்துக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "அங்கை எங்கடை ஆக்களிட்டைச் சேர்த்துக்கொண்டு வாங்கோ" என்று அனுப்புவது. அமீரகத்தில் அனுமதி பெற்ற அமைப்பைத் தவிர யாரும் நன்கொடை சேர்ப்பது குற்றம். பெரும் அபராதமும் சிறையும் உண்டு. பற்றுச்சீட்டுப் புத்தகம் ஊரிலேயே இருக்கட்டும்.

தங்கம் வாங்கத்தான் பலர் போகிறார்கள். டுபாய்க்கும் தங்கத்துக்கும் உள்ள உறவு திர்ஹத்தைவிட மூத்தது. 1966 வரை அங்கே புழங்கியது இந்தியா அடித்த ரூபாய். வளைகுடா வழியாகத் தங்கம் கடத்தப்பட்டு அந்நியச் செலாவணி வடிவதைத் தடுக்கத்தான் இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் அடித்தது. திர்ஹம் பிறந்தது 1973இல். இன்று தெய்ரா தங்கச் சந்தையில் கிராம் விலை பலகையில் ஓடும். எல்லாக் கடையிலும் அது ஏறக்குறைய ஒன்றே. பேரம் பேச வேண்டியது செய்கூலிக்கு. அதன்மேல் 5 வீதம் வற் வரி. எட்டுக் கிராம் ஒரு பவுண் என்று பெருக்கி, செய்கூலியும் வரியும் சேர்த்து, அன்றைய விலைக்கு ரூபாயாக்கி, கஸ்தூரியார் வீதியில் அதே நாளில் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். மெல்லிய சங்கிலிக்குச் செய்கூலி கூட, மிச்சம் குறைவு. தாலிக்கொடியை அங்கே தேட வேண்டாம். 9, 11 என்று ஒற்றைப்படைப் பவுணில் செய்யும் யாழ்ப்பாணக் கொடிக்கு ஊர்ப் பத்தரின் கைதான் வேண்டும். எவ்வளவு கொண்டுவரலாம் என்பதை இலங்கைச் சுங்கத்திடம் புறப்படும் முன்பே கேட்டறிய வேண்டும், விதிகள் மாறுபவை. இன்னொருவரின் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வருவதற்கு எந்த உறவும் காரணமாகாது.

உண்டியல் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. கோயில் உண்டியல் அல்ல. அங்கே ஒருவரிடம் திர்ஹத்தைக் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்து ரூபாயைத் தரும் வழி. உத்தியோகபூர்வ விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி கூடிய 2021, 2022இல் வெளிநாட்டு உழைப்பாளரின் காசு அந்த வழியில் ஓடியது. 2020இல் வங்கிகள் ஊடாக வந்தது ஏறக்குறைய 710 கோடி டொலர். 2022இல் 380 கோடிக்கு விழுந்தது. டொலருக்குப் பத்து ரூபாய் மேலதிகமாய்த் தருகிறோம் என்று மத்திய வங்கி அறிவித்தும் பலிக்கவில்லை. விலை இடைவெளி மூடியபின்தான் காசு வங்கிக்குத் திரும்பியது. 2024இல் 657 கோடி. பயணிக்கு இதில் என்ன? "இங்கை அம்மாட்டை ரூபாயைக் குடுத்திட்டு, அங்கை மகனிட்டைத் திர்ஹமா வாங்குங்கோ" என்பது உறவுக்குள் இயல்பாக நடப்பது. இரு பக்கமும் மாற்றுச் செலவு இல்லை. ஆனால் அந்த மகன் அனுப்பியிருக்க வேண்டிய வெளிநாட்டுக் காசு நாட்டுக்குள் வரவே இல்லை, சட்டத்தின் கண்ணில் அது வங்கிக்கு வெளியே நடந்த மாற்று. உறவல்லாத ஒருவர் தரும் கடித உறையை "கொண்டுபோய்க் குடுங்கோ" என்று வாங்கிப் பையில் வைப்பது அதைவிடப் பன்மடங்கு மோசம்.

சவூதிக்கு உம்றா போகிறவர்களுக்கு முகவரின் பொதியிலேயே விமானமும் அறையும் அடங்குவதால் கைக்காசு சாப்பாட்டுக்கும் பேரீச்சம்பழத்துக்குந்தான். ஆனால் அங்கே வற் வரி 2020 ஜூலை முதல் 15 வீதம். கட்டாரிலும் குவைத்திலும் அந்த வரியே இல்லை.

அமீரகத்தில் கட்டிய வரியைச் சுற்றுலாப் பயணி திரும்பப் பெறலாம். இத்திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 250 திர்ஹத்துக்கு வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவுசெய்து, விமான நிலையத்தில் பொதியைக் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டும். வரியில் 85 வீதம், அதிலும் 4.80 திர்ஹம் கட்டணம் கழித்துத் தருவார்கள். வரியோடு சேர்த்து 1,000 திர்ஹம் கட்டிய பொருளுக்குக் கைக்கு வருவது சுமார் 36. ஒரு சட்டைக்காக வரிசையில் நிற்பது வீண், பத்துப் பவுண் வாங்கியவர் நிற்கத்தான் வேண்டும்.

மிஞ்சிய நோட்டுகளை வங்கியில் மாற்றலாம். அல்லது சொந்தப் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கொன்று திறந்து வைப்பிலிடலாம். சில்லறைக் குற்றிகளை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள். அவற்றைக் கடைசி நாள் தேநீருக்கே முடித்துவிடலாம். நோல் கார்டைக் குப்பையில் போட வேண்டாம். அது ஐந்து வருடம் செல்லும், வீட்டில் அடுத்துப் போகிறவர் கொண்டுபோகலாம்.